ஒரு கியூ, மூன்று தோல்: கல்லடியில் ஒரு டிப் தெரிவு

கியூவை, அதாவது பூல் விளையாட்டில் பந்தை அடிக்கும் கோலை, கொண்டுவந்த இளைஞருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். காத்தான்குடியிலிருந்து ஐப்பசி மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர், தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். மழைக்கோட்டைக் கழற்றிக் கியூப் பைக்குச் சுற்றியிருந்தார். பை நனையவில்லை. இவர் பொருளை மதிப்பவர் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனாலேயே பிற்பாடு நான் செய்த பிழை எனக்குக் கூடுதலாக உறுத்தியது.

மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, எங்கள் மன்றத்தின் பின்னறையில் ஏழடிப் பூல் மேசை ஒன்று இருக்கிறது. பகலில் நான் தளபாடக் கடையில் கடைசல் வேலை செய்கிறேன். மாலையில் அந்த மேசையும் சுவரோரம் சாய்ந்திருக்கும் கியூக்களும் என் பொறுப்பு. டிப் மாற்றுவது, பூண் ஒட்டுவது, வளைந்த கோலைப் பார்த்துக் கவலைப்படுவது எல்லாம் அதில் அடங்கும். கல்முனை, ஏறாவூர்ப் பக்கமிருந்தும் இடைக்கிடை யாராவது கியூவோடு வருவார்கள்.

"வெள்ளைப் பந்தைப் பின்னுக்கு இழுக்க அடித்தால் வழுக்குகிறது, அண்ணன். டிப் கல்லாகிவிட்டது. மிக மென்மையானது ஒன்று போட்டால் சரியாகும் என்கிறார்கள்," என்றார்.

நோயையும் தானே சொல்லி, மருந்தையும் தானே சொல்லி, வைத்தியரிடம் ஊசி மட்டும் கேட்கிற நோயாளி போல. நான் அவசரப்படாமல் கியூவை விளக்கின் கீழே கொண்டுபோனேன்.

கியூவைப் பார்த்தது

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிப் என்பது கியூவின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லை. பூல் கியூவில் அதன் விட்டம் பெரும்பாலும் 12 முதல் 13 மில்லிமீற்றர். ஸ்னூக்கர் கியூவில் 9 அல்லது 10. முழுக் கியூவிலும் பந்தைத் தொடுவது இந்த வில்லை மட்டுந்தான். தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. பந்து நேராகப் போவதும், சுழல்வதும், நின்ற இடத்திலேயே நிற்பதும், பின்னுக்கு வருவதும் அந்தக் கணத்தில் முடிவாகிவிடும். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கியூவின் நுனி வெறும் மரமாகத்தான் இருந்தது. பிரெஞ்சுப் படையில் கப்டனாக இருந்த பிரான்சுவா மெங்கோ என்பவர்தான் அதில் தோலைப் பொருத்திப் பந்தைச் சுழற்றிக் காட்டியவர் என்று சொல்லப்படுகிறது. அதைச் சிறையில் இருந்த காலத்தில் பழகினாராம். மனிதனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

இளைஞரின் டிப்புக்கு வருவோம். அது கியூவோடு கூடவே வந்த மலிவான தோல். அடிபட்டு அடிபட்டுக் காளான் குடைபோல் விரிந்து, பூணின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூண் என்பது டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையம். மரம் பிளக்காமல் உலக்கைக்குப் போடுகிறோமே, அதே வேலைதான் இங்கேயும். டிப்பின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. நடுப்பகுதி தட்டையாகிவிட்டது. வழுக்குகிறது, வழுக்குகிறது என்று அவர் தினமும் அரத்தால் சுரண்டியதில் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கும் கீழே போயிருந்தது. சுரண்டினால் ஒரு மாலைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் மறுபடி பளபளப்பு. மீண்டும் சுரண்டல். இப்படியே ஒரு டிப்பின் ஆயுளில் பாதி தூளாகத் தரையில் விழுந்திருக்கிறது.

டிப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் கையையும் பார்க்கவேண்டும். அதற்கு எளிதான வழி ஒன்று உண்டு. வெள்ளைப் பந்துக்குப் பதிலாகக் கோடு போட்ட பந்து ஒன்றை எடுத்து, கோடு படுக்கையாக இருக்கும்படி மேசையில் வைத்து அடிக்கச் சொல்வேன். வழுக்காமலிருக்க டிப்பில் பூசும் சோக் தூள் பந்தில் ஒரு புள்ளி பதிக்கும். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீற்றர். மையத்திலிருந்து பந்தின் ஆரையில் ஏறக்குறையப் பாதி வரை, அதாவது 14 மில்லிமீற்றர் அளவுக்கு விலகி அடிக்கலாம். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும், அது எந்த நாட்டிலிருந்து வந்ததாயிருந்தாலும். வழக்கமான பந்தில் கோட்டின் விளிம்பு கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் இருக்கிறது. ஆகவே புள்ளி கோட்டுக்குள் விழுந்தால் கை சரி; வெளியே விழுந்தால் கையில் குறை.

அவர் பத்துத் தடவை அடித்தார். இரண்டு புள்ளிகள் கோட்டுக்கு வெளியே விழுந்தன. அந்த இரண்டும் வழுக்கின. ஆனால் கோட்டுக்குள் விழுந்தவற்றிலும் இரண்டு வழுக்கின. ஆகவே கை பாதி, கியூ பாதி.

டிப்பை பிளேட்டால் கழற்றியபோது மீதிக் காரணமும் வெளியே வந்தது. பூணின் முகத்தில் பழைய பசை ஒரு பக்கம் பருத்தேறிக் கட்டியாகியிருந்தது. உருக்கு அடிமட்டத்தின் விளிம்பைப் பூணின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒரு பக்கம் ஒட்டி நின்றது, மறுபக்கம் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. அதாவது டிப் இத்தனை நாளும் முழுதாகப் பதிந்து உட்காராமல் ஒரு காலை ஊன்றி நின்றிருக்கிறது. முன்பு ஒட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை. பழைய பசையை எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டுவது எங்கும் நடக்கிற சோம்பேறித்தனம். ஆரம்ப காலத்தில் நானும் செய்திருக்கிறேன்.

மென்மையும் கடினமும்

டிப் பெட்டிகளில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று எழுதியிருக்கும். மென்மையான டிப் கூடுதல் சுழற்சி தரும் என்ற நம்பிக்கை எங்கள் மேசையைச் சுற்றி வேதவாக்குப்போல் உலவுகிறது. உண்மையில் சுழற்சியைத் தீர்மானிப்பது மையத்திலிருந்து எவ்வளவு விலகி அடிக்கிறோம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறோம் என்பவைதான். டிப்பின் வேலை அந்த இடத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொள்வதற்குச் சோக் வேண்டும். சோக் தங்குவதற்குச் சொரசொரப்பு வேண்டும். பந்தின் வளைவைத் தோல் சந்திப்பதற்கு டிப்பும் வளைந்திருக்கவேண்டும். கடினமான டிப் அடியின் பலத்தைக் கூடுதலாகப் பந்துக்குக் கொடுக்கும், வடிவத்தையும் நீண்ட நாள் காப்பாற்றும். ஆனால் சோக் பூசுவதில் கவனம் கேட்கும். மென்மையானது சோக்கை நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு. ஆனால் சீக்கிரம் விரியும், தேயும். மிச்சமெல்லாம் கைக்குப் பழகிய உணர்வு. உணர்வையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. கேட்டுப் பழகிய சத்தம் மாறினால் கை தடுமாறுவதை நானே கண்டிருக்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையில் வருகிறது. வாடைக் காலத்தில் மன்றத்தின் சுவரே வியர்க்கும். கூத்து மத்தளம் அடிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாடையில் மத்தளத்தின் தோல் நெகிழ்ந்து குரல் இறங்கிவிடும். வாரை இழுத்துக் கட்டிக் கட்டித்தான் களரியில் அதை நிமிர்த்துவார்கள். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் அதே தோல் விறைத்து நிற்கும். கியூவில் இருப்பதும் தோல்தான். பதனிட்டதாயினும், இறுக்கியதாயினும் அது ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசியில் "மென்மை" என்று வாங்கி ஒட்டியது கார்த்திகையில் இன்னும் மென்மையாகி விரியும். குளிரூட்டிய அறையில் விளையாடுகிறவருடைய ஆலோசனையைக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காளான் டிப்பே சாட்சி.

ஆகவே மிக மென்மையானது வேண்டாம் என்றேன். நடுத்தரக் கடினம் உள்ள அடுக்குத் தோல் டிப் ஒன்று என்னிடம் இருந்தது. பழைய முறை டிப் ஒரே தோலிலிருந்து வெட்டியெடுக்கப்படுவது. அடுக்கு டிப் மெல்லிய தோல்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்யப்படுவது. ஒற்றைத் தோலில் ஒரு டிப் போல மறு டிப் இருக்காது. விலங்கின் முதுகுத் தோல் ஒரு மாதிரி, வயிற்றுத் தோல் இன்னொரு மாதிரி. அடுக்கில் அந்த வேறுபாடு குறைவு, விரிவதும் குறைவு. விலை பல மடங்கு. அவர் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூணின் முகத்தை மட்டமாக்கி, அன்றிரவே ஒட்டி, மறுநாள் கொடுத்தேன்.

டிப்பின் ஓரத்தைச் செதுக்கியபிறகு அது விரியாமல் இருக்க ஓரத்தை மெருகேற்றவேண்டும். சிறிது ஈரம் தடவி, காகிதத்தாலோ தோல் துண்டாலோ சூடேறும்வரை தேய்க்கவேண்டும். நான் வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டு டிப்பின் ஓரத்தில் தடவித் தேய்த்தேன். "வீட்டில் காய்ந்துபோனால் நீங்களும் இப்படியே செய்யலாம், தம்பி," என்று செய்துகாட்டவும் செய்தேன்.

டிப் நன்றாக வேலை செய்தது. கோட்டுக்குள் விழுந்த அடி எதுவும் வழுக்கவில்லை. கோட்டுக்கு வெளியே அடிக்கும் பழக்கத்தையும் அவர் இரண்டு வாரத்தில் குறைத்துக்கொண்டார். கார்த்திகை மழை முழுக்கப் பெய்தும் டிப்பின் ஓரம் அசையவில்லை. இந்த ஆய்வு அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

என்ன தோல்?

ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்தார். விளையாட வரவில்லை, பையைத் திறக்கவும் இல்லை.

"அண்ணன், இது என்ன தோல்?"

எனக்குத் தெரியும். ஜப்பானிய மூரி, கமுய் முதலிய பெயர்பெற்ற அடுக்கு டிப்கள் பன்றித் தோலில் செய்யப்படுபவை. அவற்றைப் பார்த்து மற்றவர்கள் செய்பவையும் பெரும்பாலும் அப்படியே. என்னிடம் இருந்தது பெயரில்லாத உறையில் வந்தது. ஆனால் கொடுத்தவர் என்ன தோல் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அதை நான் மறைக்க நினைத்ததில்லை. ஒட்டும்போது பூண் மட்டமா, பசை காய்ந்ததா என்றுதான் மனம் ஓடியது. எதிரே நிற்பவர் யார் என்று ஓடவில்லை.

"பன்றி," என்றேன்.

அவர் தன் வலதுகைச் சுட்டுவிரலைப் பார்த்தார். நாக்கில் தொட்டு டிப்பில் தடவு என்று நான் கற்றுக்கொடுத்த விரல் அது. நாக்கு, டிப், நாக்கு, டிப் என்று ஒரு மாதமாக அவர் செய்திருக்கிறார்.

"சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்," என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

விலங்கின் தோலைப் பதனிட்டால் அது சுத்தமாகும், பன்றித் தோல் மட்டும் அந்தக் கணக்கில் வராது என்று தாங்கள் ஓதியிருப்பதாக அவர் விளக்கினார். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? உறைக்குள் என்ன இருக்கிறது என்று வாய்திறந்து சொல்வது என் வேலை. அதைத்தான் நான் செய்யவில்லை. காத்தான்குடிக்கும் கல்லடிக்கும் நடுவே அதிக தூரமில்லை. பிறந்தது முதல் பக்கத்து ஊர். பெருநாளைக்கு வட்டிலப்பம் எந்த வீட்டிலிருந்து வரும் என்று தெரிந்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவே டிப்பைக் கழற்றினோம். பூணைத் தண்ணீரால் கழுவவேண்டும் என்றார், ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. கியூவில் தண்ணீர் என்றவுடன் எனக்குள் இருக்கும் தச்சன் பதறினான். சில பூண்களில் மரத்தின் முனை மேலே வந்து தெரியும். அதில் நீர் இறங்கினால் மரம் ஊதி, பூண் வெடிக்கும். அவருடையது நல்லவேளையாக மேல் மூடிய பூண். பூணுக்குக் கீழே மரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினேன். கியூவை நுனி கீழாகச் சாய்த்து நான் பிடித்துக்கொள்ள, மன்றத்தின் பின்புறக் குழாயடியில் அவர் கழுவினார். முற்றத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, பூணையும் தன் விரலையும் தேய்த்து, மறுபடி தண்ணீர். எண்ணுவதற்கு அவருடைய உதடு அசைந்தது. கழுவி முடிந்ததும் டேப்பை உரித்துப் பார்த்தேன், மரம் காய்ந்தே இருந்தது.

மூன்றாவது தோல்

"தோலே இல்லாத டிப் கிடையாதா?" என்று கேட்டார். உண்டு. பினோலிக் என்கிற கடினமான செயற்கைப் பிசினில் செய்த டிப்பைத் தொடக்க அடிக்கும், பந்தைத் தாண்டவைக்கும் அடிக்கும் தனியாக வைத்திருக்கும் கியூக்களில் போடுவார்கள். அடி பலமாக விழும், ஆனால் சோக் அதில் சரியாகத் தங்காது. சுழற்சியை நம்பி விளையாடுகிறவருக்கு அது உதவாது. ஆகவே தோல்தான், ஆனால் தெரிந்த தோல்.

டிப் விற்கும் மூன்று இடங்களுக்கு எழுதிக் கேட்டேன்: இது எந்த விலங்கின் தோல்? ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் "முதல் தரம்" என்று பதில் போட்டார். நான் தரத்தைக் கேட்கவில்லை. மூன்றாமவர் எழுத்தில் தெளிவாக "எருமை" என்றார். பழைய முறை ஒற்றைத் தோல், 50 கொண்ட பெட்டி. இளைஞர் தன் பக்கத்தில் கேட்கவேண்டியவரிடம் கேட்டுக்கொண்டு வந்து சம்மதம் சொன்னார். எங்கள் மன்றத்தில் பசுத்தோல் என்றால் முகம் சுளிக்கிற மாமா ஒருவர் இருக்கிறார். அவரும் எருமை என்றதும் தலையாட்டினார். எருமை இந்த மாவட்டத்துக்கு அந்நியமா என்ன? தயிர்ச்சட்டியாகத் தினமும் வீதியோரம் உட்கார்ந்திருக்கிறதே.

ஒற்றைத் தோல் டிப்பைத் தெரிவது வத்தகப்பழம் தெரிவதைப் போன்றது. ஐம்பதும் ஒன்றுபோல் தெரியும், ஒன்றுபோல் இருக்காது. முதலில் கண்ணால் பார்த்து ஓரம் பிய்ந்தவை, முகத்தில் நார் எழும்பியவை, அடிப்பக்கம் கோணலானவை எல்லாவற்றையும் ஒதுக்கினோம். பிறகு நகைக்கடை நண்பரின் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். ஒரே அளவுள்ள வில்லைகளில் பாரம் கூடியது இறுக்கமானது. கடைசியாகக் காது. மேசைக் கண்ணாடியின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து டிப்பை விழவிடவேண்டும். இறுகிய தோல் "டிக்" என்று எகிறும். ஊறிய தோல் "தொப்" என்று இருந்துவிடும். நகைக்கடைப் பையன்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள். ஐம்பதில் ஒன்பது தேறின.

தேறியவற்றையும் அப்படியே ஒட்ட எனக்கு மனமில்லை. வாடை இன்னும் முடியவில்லை. ஒற்றைத் தோல் டிப் அடிபட்டு விரிவதற்கு முன்னால் நாமே அழுத்திவிட்டால் அது விரிய இடம் குறைவு. அமெரிக்காவில் மென்மையான டிப்பை இரவு முழுக்கப் பாலில் ஊறவைத்து, பிறகு வைஸில் இறுக்கிக் காயவிடும் பழக்கம் உண்டு. நாங்களும் இரண்டைப் பாலில் போட்டோம், இரண்டை ஊறவைக்காமல் உலர்ந்தபடியே இறுக்கினோம். இரண்டு உருக்குத் துண்டுகளுக்கு நடுவே டிப்பை வைத்து, வைஸின் கைப்பிடியைப் பகலில் ஓரிரு தரம் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, இரண்டு நாள். பாலில் ஊறியவை சிறிது கூடுதலாக அமுங்கின. ஆனால் அந்த ஈரக்காற்றில் அவை காய ஒரு வாரத்துக்கு மேல் எடுத்தது, மணமும் வந்தது. இறுக்கம் வைஸிலிருந்து வருகிறது, பாலிலிருந்து வரவில்லை என்பது என் எண்ணம். மட்டக்களப்பில் பாலுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. உலர்ந்தபடி அழுத்திய ஒன்றையே எடுத்துக்கொண்டோம்.

ஒட்டும் வேலையை இந்தமுறை அவரே செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் சாண்ட்பேப்பரை விரித்து, டிப்பின் அடிப்பக்கத்தை எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்கினார். பூணின் முகத்தை அடிமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்தார். எங்கும் வெளிச்சம் கசியவில்லை. இரண்டு முகத்தையும் சுத்தமான துணியால் துடைத்து, அதன்பிறகு விரல் படவிடவில்லை. விரலின் எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. கெட்டிப் பதத்தில் உள்ள சூப்பர் குளூ ஒரு துளி, நடுவில். டிப்பை வைத்து, சிறிது திருப்பி, நடுவுக்குக் கொண்டுவந்து, கியூவை நிமிர்த்திக் கண்ணாடியில் குத்திப் பிடித்தார். ஓரத்தில் பசை மெல்லிய கோடாகச் சுற்றிவர வெளியே வந்தது. எல்லாப் பக்கமும் வந்தால் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். அரைமணி நேரம் போதும் என்று பசைக் குழாயில் போட்டிருந்தாலும் மழைக்காலத்தில் நான் மறுநாள்வரை தொடவிடுவதில்லை.

மறுநாள் கியூவைத் தலைகீழாக்கி, டிப்பின் முகத்தைப் பலகையில் ஊன்றி, புதிய பிளேட்டால் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவினார். பிளேட் பூணைத் தொட்டால் கீறிவிடும் என்பதால் பூணைச் சுற்றி டேப். சீவல்கள் சாம்பல் நிறச் சுருளாக விழுந்தன. பிறகு வளைவு. அமெரிக்கர்கள் தங்கள் ஐந்து சதக் குற்றியின் வளைவு, பத்துச் சதக் குற்றியின் வளைவு என்று அளவு சொல்வார்கள். முதலாவதன் விட்டம் 21 மில்லிமீற்றர் சொச்சம், மற்றது 18க்குச் சற்றுக் குறைவு. நம்முடைய குற்றிகளில் முதலாவதற்குக் கிட்ட வருகிற ஒன்றை எடுத்துக்கொண்டோம். 13 மில்லிமீற்றர் டிப்புக்கு அந்த வளைவே தாராளம். குற்றியைப் பக்கத்தில் பிடித்துப் பிடித்து, சாண்ட்பேப்பரால் தேய்த்து, வளைவைக் கொண்டுவந்தார். ஓரத்தை மெருகேற்றும் கட்டம் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குவளையில் தண்ணீர் வைத்திருந்தேன். பஞ்சில் தொட்டுத் தடவினார்.

பிறகு

நேர்மையாகச் சொன்னால், முதல் மாதம் இந்த டிப் அடுக்கு டிப்புக்குச் சமமாக நிற்கவில்லை. மூன்று தடவை ஓரம் இலேசாக விரிந்தது. மூன்று தடவையும் சீவி மெருகேற்றவேண்டியிருந்தது. அதன்பிறகு படிந்துவிட்டது. பின்னுக்கு இழுக்கும் அடியில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அவருக்குச் சத்தத்தில் தெரிகிறது. அடுக்கு டிப் கூர்மையாகப் பேசியதாம், இது கொஞ்சம் தொண்டை கட்டிய குரல். எந்தத் தோலும் விலக்கில்லாதவர் ஒருவர் கேட்டால், காசும் இருந்தால், வாடைக் காலத்துக்கு நான் இன்றும் அடுக்கு டிப்பைத்தான் சொல்வேன். மன்றத்தின் பொதுக் கியூக்களுக்கு அது வீண்செலவு. அவற்றை யார் யாரோ தரையில் குத்துகிறார்கள். அவற்றுக்கு அழுத்திய ஒற்றைத் தோலே போதும்.

சோக்கையும் விட்டுவைக்கவில்லை. கியூவுக்கான சோக் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டி இல்லை. 1897 இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹொஸ்கின்ஸ் இருவரும் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அது சிலிக்கா போன்ற கரகரப்பான தூள்களைக் கட்டியாக்கியது. அந்தக் கரகரப்புத்தான் தோலுக்கும் பந்துக்கும் நடுவே பிடிமானம் தருகிறது. எங்கள் சோக் கட்டிகள் மேசை விளிம்பில் திறந்து கிடந்து, ஈரம் ஏறி, பூசும்போது மாவுபோல் அப்பின. இப்போது மூடியுள்ள ரின்னில், வறுத்த அரிசி முடிச்சு ஒன்றோடு கிடக்கின்றன. வழுக்கலில் ஒரு பங்கு அதோடு போனது. இதைச் செய்யச் செலவே இல்லை என்பதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆனியில் கச்சான் தொடங்கியதும் டிப்பின் முகம் விறைத்துப் பளபளக்க ஆரம்பித்தது. இளைஞர் அரத்தைக் கையிலெடுத்தார். பறித்து வைத்தேன். சாண்ட்பேப்பரால் இரண்டே இரண்டு தட்டு, சுரண்டல் கிடையாது. தடிப்பு இப்போது 4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

சின்னப் பையன்கள் சிலர் இந்த விளையாட்டில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றவர் இலங்கையின் எம். ஜே. எம். லபீர் என்று காத்தான்குடி இளைஞர்தான் அவர்களுக்குச் சொன்னார். லபீரின் கியூவில் என்ன தோல் இருந்திருக்கும் என்று ஒருவன் கேட்டான். அதுவரை அப்படி ஒரு கேள்வி எங்கள் அறையில் எழுந்ததில்லை.

என் மேசை இலாச்சியில் இப்போது நான்கு ரின்கள் இருக்கின்றன. மூடியில் டேப் ஒட்டி, பேனையால் எழுதியிருக்கிறேன்: எருமை, மாடு, பன்றி. கியூ கொண்டுவருபவர் யாராக இருந்தாலும், அடிமட்டத்தைக் கையிலெடுப்பதற்கு முன்னால் இலாச்சியைத் திறந்து காட்டிவிடுகிறேன். நான்காவது ரின்னில் பல வருடமாக அங்கும் இங்கும் வாங்கிச் சேர்த்த உதிரிகள், இருபதுக்கு மேல் இருக்கும், சில நல்ல தோல்கள். அதன் மூடியில் "தெரியாது" என்று எழுதியிருக்கிறேன். அதிலிருந்து இதுவரை யாரும் எடுக்கவில்லை.